படத்தின் பெயர் யாருக்குச் சொந்தம்? - நிழற்படக் குறிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

பழைய நிழற்படமொன்றைக் கையிலெடுப்போர் முதலில் அதன் முன்புறத்தைப் பார்க்கின்றனர். வரலாறு கற்போர் அதனைப் புரட்டிப் பின்புறத்தையும் பார்க்கின்றனர். படத்திலிருப்போர் யாவர், எடுத்தவர் யார், இடம் எது, ஆண்டு எது என்னும் வினாக்களுக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்து இல்லாவிடின், எத்துணைத் தெளிவான படமாயினும் வரலாற்றுச் சான்று என்னும் தகுதியிற் பெரும்பகுதியை அது இழந்துவிடுகின்றது.

இன்று நாம் எடுக்கும் படங்களுக்குப் பின்புறமென ஒன்றில்லை. கமராவும் கைத்தொலைபேசியும் நமக்குத் தருவது தாளன்று, கோப்பு. பென்சிற் குறிப்பு இருந்த இடத்தில் இன்று இருப்பது மீதரவு. அதாவது, படத்தைப் பற்றிய தரவு. படவிளக்கம், குறிச்சொல், எடுத்தவர் பெயர், நாள், இடம் என்பன யாவும் அதனுள் அடங்கும். இவற்றை எங்கே எழுதிவைப்பது? படக் கோப்பின் உள்ளேயா? அல்லது படங்களை ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருள் தனக்கென வைத்துக்கொள்ளும் தரவுத்தளத்திலா?

இது தொழில்நுட்பத்தாருக்கு மட்டுமே உரிய வினா என்று பலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று. படத்தின் முதுகில் எழுதுவதற்கும் கடைக்காரரின் பேரேட்டில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு பேசப்படுவது. முதுகில் எழுதியது படம் போகுமிடமெல்லாம் போகும். பேரேட்டில் எழுதியது கடை திறந்திருக்கும் வரைக்குமே கிடைக்கும். மனிதர்க்கும் பொருள்களுக்கும் பெயரிடுதல் ஓர் உழைப்பு என்றும், அவ்வுழைப்பின் பயன் உழைத்தவருக்கும் அவர்தம் சமுதாயத்துக்கும் உரியது என்றும் நாம் கருதுவோமாயின், இவ்வினாவை நாம் புறக்கணித்தல் இயலாது. இதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

2

படங்கள் பெயரற்றுப் போவது கணினிக் காலத்திலே தோன்றிய குறையன்று. யாருடைய பெயரை எழுதுவது, யாருடைய பெயரை எழுதாமல் விடுவது என்பதைச் சமுதாய உறவுகளே தொடக்கத்திலிருந்து தீர்மானித்து வந்துள்ளன. இதற்கு நமது நாட்டிலேயே சிறந்த உதாரணமொன்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்வாய்ந்த நிழற்படக் கலைஞருள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரனே அவருடைய கணவர். கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இங்கு வந்து குடியேறிய அவ்வம்மையார் 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது அவர் எடுத்த உருவப்படங்களில் டெனிசன், டார்வின் முதலியோர் தத்தம் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கையில் எடுத்த படங்களின் நிலை வேறு. 1877 இல் களுத்துறையிலிருந்த அவரது இல்லத்துக்கு விருந்தினராக வந்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்தின் படம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மறு ஆண்டு அதே களுத்துறையில் எடுக்கப்பட்ட மற்றொரு படமோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்னும் பெயரையே பெற்றது. கமராவுக்கு முன் நின்ற அம்மக்களுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? கேட்டிருப்பின் அவர்கள் சொல்லியிருப்பர். கேட்டு எழுதிவைக்கவேண்டும் என்னும் தேவையை அன்றைய குடியேற்ற நாட்டுச் சமுதாய அமைப்பு உணரவில்லை.

ஆளும் வர்க்கத்தாரின் மனப்பான்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறி அமைதியடைய முடியாது. உழைக்கும் மக்கள்பாற் பரிவுகொண்டோரிடத்தும் இக்குறை காணப்பட்டது. பொருளாதார மந்தம் ஐக்கிய அமெரிக்காவை வாட்டிய 1936 ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிருவாகத்துக்காகப் பணிபுரிந்த டொரத்தியா லாங் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரிற் பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளரின் கூடாரமொன்றிலே தாயொருத்தியைப் படமெடுத்தார். 'புலம்பெயர் தாய்' என உலகறிந்த படம் அதுவே. அப்பெண்ணின் வயது 32 என்பதும் அவள் ஏழு பிள்ளைகளின் தாய் என்பதும் படவிளக்கத்தில் எழுதப்பட்டன. பெயர் எழுதப்படவில்லை. தாம் பெயரைக் கேட்கவில்லை என்பதை லாங் அம்மையாரே பின்னாளிற் பதிவுசெய்துள்ளார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அவளது பெயர் 1978 ஆம் ஆண்டிலேதான், படமெடுத்து 42 ஆண்டுகள் கழிந்த பின்னரே, உலகுக்குத் தெரியவந்தது. அதற்கிடையில் அப்படம் எண்ணற்ற நூல்களிலும் சஞ்சிகைகளிலும் வெளிவந்துவிட்டது. அதனால் அவளுக்கு வருமானம் ஏதும் கிடைக்கவில்லை.

டொரத்தியா லாங்கின் நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. வறியோரின் துயரை உலகறியச் செய்தோருள் அவர் முன்வரிசையில் நிற்பவர். எனினும், நன்னோக்கம் மட்டும் போதாது. பெயரைக் கேட்டு எழுதும் பழக்கமும், எழுதிய பெயர் படத்தைவிட்டுப் பிரியாதிருப்பதற்கான ஏற்பாடும் வேண்டும் என்பதையே அவ்வரலாறு காட்டுகின்றது.

3

இவ்வேற்பாட்டைக் கருவியின் மூலமே செய்துவிட முயன்றோரும் இருந்தனர். 1914 இல் கொடாக் கம்பனி 'ஓட்டோகிராபிக்' என்னும் கமராவைச் சந்தைக்கு விட்டது. அதன் பின்புறத்திற் சிறு கதவொன்று இருந்தது. படமெடுத்தவர் அக்கதவைத் திறந்து, உலோக எழுத்தாணியால் நாளையும் இடத்தையும் எழுதினால், அவ்வெழுத்து பிலிமின் ஓரத்திலேயே பதிந்துவிடும். ஹென்றி கெய்ஸ்மன் என்பவர் கண்டுபிடித்த இம்முறையைக் கொடாக் கம்பனி 300,000 டொலர் கொடுத்து வாங்கியது. ஆனால் 1930களின் தொடக்கத்தில் இம்முறை வழக்கொழிந்தது. எனினும் அதனுள் இருந்த கருத்துச் சிறப்புடையது. குறிப்பும் படமும் ஒரே பிலிமில் இருக்கவேண்டும் என்பதே அக்கருத்து.

அக்கருத்தை விடாமற் பற்றிக்கொண்டோர் செய்தி நிறுவனத்தார். 1935 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அமெரிக்காவின் அசோசியேற்றட் பிரஸ் நிறுவனம் தொலைபேசிக் கம்பிவழியே படமனுப்பும் சேவையைத் தொடங்கியது. படத்தின் ஓரத்தில் விளக்கத்தை ரைப் செய்து ஒட்டி, இரண்டையும் சேர்த்தே அனுப்புவது அங்கு வழக்கமாயிற்று. இதற்குக் காரணம் வெளிப்படை. செய்திப் படம் ஒரு பண்டம். யார், எங்கே, எப்போது என்பன தெரியாத படத்தைப் பத்திரிகைகள் வாங்கமாட்டா. சந்தையின் தேவையே பெயரைப் படத்தோடு கட்டிவைத்தது.

1965 இல் உலகப் பத்திரிகைகளின் தொலைத்தொடர்பு நலன்களைக் காக்கவென அனைத்துலகப் பத்திரிகைத் தொலைத்தொடர்புச் சபை நிறுவப்பட்டது. ஆங்கில முதலெழுத்துக்களால் ஐ.பி.ரி.சி. என வழங்கும் இச்சபையே, படங்கள் கணினிக் கோப்புக்களாக மாறத் தொடங்கிய காலத்தில், 1990களின் தொடக்கத்தில், தகவற் பரிமாற்ற நியமமொன்றை வகுத்தது. தலைப்பு, விளக்கம், குறிச்சொல், எடுத்தவர், நகரம், நாடு எனத் தனித்தனிப் புலங்கள் அதிற் குறிக்கப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் அடோபி கம்பனியின் போட்டோஷொப் மென்பொருள் இப்புலங்களைப் படக் கோப்பினுள்ளேயே எழுதத் தொடங்கியது. படத்தின் முதுகு இவ்வாறு கணினியில் மறுபிறப்பெடுத்தது எனலாம்.

வணிகர் தம் தேவைக்காக உண்டாக்கிய கருவி அவர்களுக்கு மட்டுமே பயன்படவேண்டும் என்னும் நியதியில்லை. அச்சியந்திரத்தின் வரலாறு இதனை நமக்கு முன்னரே உணர்த்தியுள்ளது.

4

இந்நியமத்தை வகுத்தோரின் எல்லைகளும் நியமத்தினுள் ஏறிக்கொண்டன. புலம் ஒவ்வொன்றுக்கும் நீளவரம்பு விதிக்கப்பட்டது. விளக்கத்துக்கு 2000 பைட்டு, குறிச்சொல் ஒன்றுக்கு 64 பைட்டு, நகரத்தின் பெயருக்கு 32 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டுப் போதும். யுனிகோட் முறையில், இன்று எங்கும் வழங்கும் யு.ரி.எப். 8 வடிவிலே, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். உயிர்மெய்யின் மெய்யும் அதன் விசிறியோ கொம்போ புள்ளியோ தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும்.

இதன் விளைவை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 'கொழும்பு' என்னும் பெயர் 8 குறியீடுகளால் ஆனது, 24 பைட்டு. நகரப் புலத்தில் அது அடங்கிவிடும். 'யாழ்ப்பாணம்' 11 குறியீடுகளால் ஆனது, 33 பைட்டு. 32 பைட்டுப் புலத்தில் அது அடங்காது. வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மென்பொருள் ஈற்று மெய்யின் புள்ளியைச் சிதைத்துவிடும். 'தேயிலைத் தோட்டத் தொழிலாளர்' என ஒரு குறிச்சொல் எழுதினால் 74 பைட்டு வருகின்றது. 64 இல் வெட்டினால் 'தேயிலைத் தோட்டத் தொழில' என்பதே எஞ்சும். தொழில் நிற்க, தொழிலாளர் வெட்டுப்படுகின்றனர்.

இது எவரும் திட்டமிட்டுச் செய்த சதியன்று. நியமம் வகுத்தோரின் மேசையில் எந்த மொழிகள் இருந்தன, எவை இருக்கவில்லை என்பதற்கு இது சான்று, அவ்வளவே. 1995 இல் யப்பானியக் கைத்தொழிற் சங்கமொன்று கமராக்களுக்கென வெளியிட்ட எக்சிப் நியமத்திலும் இதே நிலையைக் காண்கின்றோம். திகதி, ஒளித்திறப்பு, மூடியின் வேகம் ஆகியவற்றைக் கமரா தானே கோப்பினுள் எழுதிவிடும். ஆனால் படவிளக்கப் புலத்தில் ஆங்கில நெடுங்கணக்கையொட்டிய எழுத்துக்களையே எழுதலாம் என விதிக்கப்பட்டது. யப்பானியர் தம் மொழிக்கென வேறொரு புலத்தில் இடம் வைத்துக்கொண்டனர். 2023 இல் வெளியான மூன்றாம் பதிப்பிலேதான் உலக மொழிகள் யாவற்றையும் எழுதக்கூடிய வடிவம் எக்சிப் நியமத்திற் பொதுவாக ஏற்கப்பட்டது.

நம்மவர் நிலையோ இன்னும் சிக்கலானது. யுனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி முதலிய எழுத்துருக்களிலேதான் தமிழ் தட்டச்சுச் செய்யப்பட்டது. அவ்வெழுத்துருக்களில் உண்மையிற் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துக்களே; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்த் தோற்றம் தந்தது. அவ்வாறு எழுதப்பட்ட படவிளக்கம் எழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவையாகத் தோன்றும். நியமமில்லாத எழுத்து நெடுநாள் நிலைப்பதில்லை என்பதற்கு இது நம் மொழியே தரும் பாடம்.

இக்குறைகளுட் பெரும்பாலானவற்றைத் தீர்த்தது, 2001 இல் அடோபி கம்பனி அறிமுகஞ்செய்த எக்ஸ்.எம்.பி. என்னும் முறையாகும். நீளவரம்பை அகற்றி, யுனிகோட்டை அடிப்படையாகக்கொண்டு, புதிய புலங்களையும் சேர்க்க இடந்தந்த இம்முறையை ஐ.பி.ரி.சி. சபையும் 2005 இல் ஏற்று, தன் பழைய புலங்களை அதனுள் அமைத்தது. 2012 இல் இது அனைத்துலக நியமமாயிற்று. யாழ்ப்பாணம் என்னும் பெயரை இன்று ஒரு புள்ளியும் சிதையாமற் படத்தினுள்ளே எழுதலாம். ஒரு கம்பனியின் சொத்தாகப் பிறந்த முறை பொது நியமமாக மாறியது வரவேற்கத்தக்க வளர்ச்சியே.

5

ஆயின், எழுத இடமிருப்பதும் அவ்விடத்தில் எழுதுவதும் ஒன்றல்ல. 2000 ஆம் ஆண்டின் பின்னர் வீட்டுக்கு வீடு எண்முறைக் கமரா புகுந்தது. ஆண்டுக்கு ஓர் அல்பம் நிரப்பிய குடும்பத்தினர் ஆயிரக்கணக்கிற் படமெடுக்கத் தொடங்கினர். அவற்றை ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருள்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 2002 இல் அப்பிள் கம்பனியின் ஐபோட்டோ, அதே காலத்திற் பிக்காசா, 2003 இல் அடோபியின் போட்டோஷொப் அல்பம், 2005 இல் அப்பிளின் அப்பேச்சர், 2007 இல் அடோபியின் லைட்ரூம் என அவ்வரிசை நீளும்.

இவற்றுட் பல, பயனாளர் எழுதிய குறிச்சொற்களை முதலில் தமது தரவுத்தளத்திலேயே எழுதின. இதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பதினாயிரம் கோப்புக்களைத் திறந்து தேடுவதைவிட ஒரு பேரேட்டைப் புரட்டுவது பன்மடங்கு விரைவானது. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் மூலக் கோப்பைத் திருத்தி எழுதினால், இடையில் மின்சாரம் நின்று படமே சிதைந்துபோகும் அபாயமுண்டு. உயர்தரக் கமராக்கள் தரும் பதப்படுத்தாத மூலக் கோப்புக்களின் உள்ளமைப்பைக் கம்பனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லையாதலால், அவற்றினுள் எழுதுவது பாதுகாப்பானதுமன்று; அவற்றுக்கென எக்ஸ்.எம்.பி. குறிப்பைத் தாங்கும் துணைக் கோப்பொன்றைப் பக்கத்தில் வைப்பதே வழக்கம். ஆகவே, பேரேடு வேண்டாம் என்று கூறுவது அறிவீனம். பேரேட்டில் மட்டுமே எழுதப்பட்டு, படம் வெறுமையாக விடப்படுவதே நாம் கண்டிக்கவேண்டியது.

ஐபோட்டோவில் எழுதிய தலைப்பும் குறிச்சொல்லும் மூலக் கோப்பிற் பதியவில்லை. படத்தை வெளியே ஏற்றுமதி செய்யும்போது, பயனாளர் கேட்டுக்கொண்டால், ஏற்றுமதியாகும் பிரதியில் மட்டும் எழுதப்பட்டன. லைட்ரூமில் மாற்றங்களைக் கோப்பில் எழுதும் வசதி உண்டு. ஆனால் பயனாளர் அதனைத் தேடிச்சென்று இயக்கவேண்டும். பிக்காசா படவிளக்கத்தைக் கோப்பினுள் எழுதியது. 2009 இல் முகங்களை இனங்காணும் வசதி வந்தபோதோ, முகத்துக்குரிய பெயர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவற்றைக் கோப்பில் எழுதும் தெரிவு பின்னைய பதிப்பொன்றிலேயே சேர்க்கப்பட்டது.

இதன் பின் நிகழ்ந்ததை நாமறிவோம். அப்பேச்சரைக் கைவிடுவதாக அப்பிள் 2014 இல் அறிவித்தது. அதற்குப் பதிலாக வந்த மென்பொருளில் நட்சத்திர மதிப்பீடு என்னும் புலமே இருக்கவில்லை. பழைய நட்சத்திரங்கள் வெறும் குறிச்சொற்களாக மாற்றப்பட்டன. 2004 இல் பிக்காசாவை வாங்கிய கூகிள் கம்பனி 2016 இல் அதனை நிறுத்திவிட்டது. மைக்ரோசொப்ட் தனது படத்தொகுப்பு மென்பொருளுக்கான ஆதரவை 2017 ஜனவரியில் முடித்துக்கொண்டது. கடைசியாகக் கூறிய மென்பொருள் குறிச்சொற்களைக் கோப்பினுள்ளேயே எழுதி வந்தது. அதனைப் பயன்படுத்தியோர் வேறொரு மென்பொருளைத் திறந்து, தமது குறிச்சொற்களை அங்கும் காண முடிந்தது. பேரேட்டை நம்பியோர் ஆண்டுக்கணக்காகச் செய்த உழைப்பைக் காப்பாற்ற வழிதேட வேண்டியதாயிற்று. இரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் தெளிவான நிகழ்ச்சி வேண்டியதில்லை.

இங்கு வினாவொன்று எழுகின்றது. அல்பமொன்றை மூத்த தலைமுறையினர் அருகிலிருந்து, இவர் இன்னார், அவர் இன்னார் எனச் சொல்லச்சொல்ல, இளையோர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்கின்றனர். அவ்வுழைப்புக்கு எக்கம்பனியும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் அதன் பயன் எந்தப் பேரேட்டிற் சேர்கின்றதோ, அப்பேரேட்டை விட்டு நீங்குவது பயனாளருக்குக் கடினமாகின்றது. உழைப்பே உழைத்தவரைக் கட்டும் கயிறாகின்றது. பண்ட உற்பத்தியிலே நாம் கற்ற அந்நியமாதல் என்னும் உண்மை, குடும்ப அல்பத்தினுள்ளும் இவ்வாறு புகுந்துவிட்டது.

கம்பனிகள் தமக்குள் ஒத்துப்போக முயன்றதும் உண்டு. ஒரே படத்தின் விளக்கம் எக்சிப், ஐ.பி.ரி.சி., எக்ஸ்.எம்.பி. என மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தால் எதை நம்புவது? இக்குழப்பத்தைத் தீர்க்க, அடோபி, அப்பிள், கனொன், மைக்ரோசொப்ட், நொக்கியா முதலிய கம்பனிகள் 2006 இல் மீதரவுப் பணிக்குழுவை அமைத்து, 2008 இலும் 2010 இலும் வழிகாட்டிகளை வெளியிட்டன. நிலையான சேவையைச் செய்தோர் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் தனி ஆர்வலருமே. 2001 இல் தொடங்கிய டிஜிகாம், பேரேட்டையும் வைத்துக்கொண்டு கோப்பினுள்ளும் எழுதும் இருவழி முறையைக் கைக்கொண்டது. 2003 இல் வெளிவந்த எக்சிப்ரூல், எண்ணற்ற கோப்பு வகைகளின் மீதரவைப் படிக்கவும் பலவற்றைத் திருத்தவும் உதவும் இலவசக் கருவியாக இன்றும் விளங்குகின்றது. இவற்றை இலாப நோக்கின்றி ஆக்கித் தந்தோருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

6

இதுவரை கூறியவற்றால், எல்லாவற்றையும் கோப்பினுள் எழுதிவிடின் பிரச்சினை தீர்ந்தது என எவரும் முடிவுகட்டிவிடலாகாது. ஒவ்வொரு தீர்வும் தன்னுள் புதிய முரண்பாட்டைக் கொண்டிருக்கும்.

முதலாவதாக, கோப்பினுள் எழுதியதை அழிப்போர் உளர். படங்களைப் பெற்று வெளியிடும் சமூக ஊடகங்கள் பல, அவற்றின் மீதரவை நீக்கிவிடுகின்றன. 2011 இல் ஐ.பி.ரி.சி. சபை, கோப்பினுள் உள்ள மீதரவை எவரும் அழிக்கலாகாது என அறிக்கை வெளியிட்டது. 2013 இல் அச்சபை நடத்திய சோதனையில், பெரிய சேவைகள் சிலவும் மீதரவை நீக்குவது தெரியவந்தது. எடுத்தவர் பெயர் நீங்கிய படம் அநாதையாகின்றது. அநாதைப் படத்தை எவரும் கூலியின்றி எடுத்தாளலாம் என்னும் துணிவு பிறக்கின்றது. தனித்து உழைக்கும் படப்பிடிப்பாளருக்கே இதனால் நட்டம் அதிகம்.

இரண்டாவதாக, அழிக்கவேண்டிய தேவையும் உண்டு. கைத்தொலைபேசி படமெடுக்கும்போது இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கோப்பினுள் எழுதக்கூடும். 2012 டிசம்பரில் தலைமறைவாயிருந்த தொழிலதிபர் ஜோன் மக்கபியின் படத்தைச் சஞ்சிகையொன்று வெளியிட்டபோது, அப்படத்தினுள்ளிருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. பணம்படைத்த ஒருவருக்கு நேர்ந்தது, வேலைநிறுத்தஞ் செய்யும் தொழிலாளிக்கும் ஊர்வலஞ் செல்லும் மாணவர்க்கும் நேரலாம். அவர்களுக்கு அதன் விளைவு இன்னும் கொடிதாகும். எனவே, எழுதும் உரிமையோடு அழிக்கும் உரிமையும் சேர்ந்தே வரவேண்டும். இரண்டும் படமெடுத்தவரதும் படத்திலிருப்பவரதும் கையில் இருக்கவேண்டும். இடையிலுள்ள கம்பனியின் கையில் அன்று.

மூன்றாவதாக, இன்று பெயரிடும் தொழிலையே இயந்திரம் ஏற்கத் தொடங்கிவிட்டது. 2015 இல் வெளியான கூகிள் போட்டோஸ், பயனாளர் ஒரு சொல்லும் எழுதாமலே படங்களுக்குக் குறிச்சொல் இட்டது. அவ்வாண்டிலேயே கறுப்பினத்தார் இருவரின் படங்களை அது 'கொரில்லா' என வகைப்படுத்தியது. கம்பனி மன்னிப்புக் கோரியது. பின்னர் அக்குறிச்சொல்லையே முடக்கிவைத்தது. களுத்துறை மக்களுக்குப் பெயரில்லாமற் செய்த அதே பார்வை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அண்மையிற் கணினியின் உடையணிந்து திரும்பி வந்தது எனின் மிகையாகாது. இயந்திரம் தானாக எதையும் அறிவதில்லை. மனிதர் முன்னரே இட்ட பெயர்களிலிருந்தே கற்கின்றது. 2009 இல் வெளியாகிப் பின்னர் 1 கோடி 40 இலட்சம் படங்களாகப் பெருகிய இமேஜ்நெற் தொகுப்பின் படங்களுக்குப் பெயரிட்டோர், இணையவழியே துண்டுக்கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் எவருக்கும் தெரியா.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனது சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 3000 பழைய படங்களைப் பிளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்திற் பொதுமக்கள் முன் வைத்தது. பார்த்தவர்கள் குறிச்சொற்களை இட்டனர். ஆளையும் இடத்தையும் இனங்கண்டு எழுதினர். நூலகத்தார் அவற்றை ஆராய்ந்து, சரியெனக் கண்டவற்றைக்கொண்டு தமது பட்டியலின் நூற்றுக்கணக்கான பதிவுகளைத் திருத்தினர். பொதுமக்கள் தந்த பெயர் பொது நிறுவனத்தின் ஏட்டில், எவரும் பார்க்கக்கூடியவாறு சேர்ந்தது. கூட்டுழைப்பும் பொதுவுடைமையும் இணைந்தால் பெயர்கள் மீளும் என்பதற்கு இது சான்று.

7

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் பெறவேண்டிய முடிவுகள் சில உள. நம் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் நாள்தோறும் படமெடுக்கப்படுகின்றது. அவற்றுட் பெரும்பகுதி பெயரின்றியே தேங்குகின்றது.

முதற்கண், படமெடுக்கும்போதே பெயரைக் கேட்கவேண்டும். பிரதம விருந்தினரின் பெயரை மட்டுமன்று. பந்தலிட்டவரின் பெயரையும், தேநீர் வழங்கியவரின் பெயரையும் அவர்தம் விருப்பறிந்து கேட்டு எழுதவேண்டும். அடுத்து, எழுதுவதைத் தமிழிலேயே, யுனிகோட் முறையில், திறந்த நியமத்துக்கு அமையக் கோப்பினுள்ளேயே எழுதவேண்டும். மென்பொருளொன்றைத் தெரிவுசெய்யுமுன், பத்துப் படங்களுக்குக் குறிச்சொல் இட்டு, அவற்றை வேறொரு மென்பொருளிலே திறந்து, எழுதியவை அங்கும் தெரிகின்றனவா எனச் சோதித்தல் நன்று. தெரியாவிடின், அவ்வீட்டுக்கு உள்வாயில் உண்டு, வெளிவாயில் இல்லை என அறியலாம். ஆபத்து விளையக்கூடிய படங்களைப் பகிருமுன், மூலத்தைப் பத்திரப்படுத்தி, பிரதியிலிருந்து இடக்குறிப்பையும் பெயர்களையும் நீக்குவதும் அதேயளவு கடமையாகும்.

இவை சிறிய காரியங்கள். ஆனால் உழைக்கும் மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு எப்போதும் தடையாயிருந்தது சான்றின்மையே. அரசரின் பெயரைக் கல்லில் வெட்டினர். துரைமாரின் பெயரைப் படத்தின் அடியில் எழுதினர். இன்று படமெடுக்கும் கருவி பெரும்பாலான மக்களின் கைக்கு வந்துவிட்டது. பெயரெழுதும் இடமும் படத்தினுள்ளேயே இருக்கின்றது. அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, எதிர்காலத்தவர் நம்மை 'ஒரு குழு' என்று அழைக்கும்படி செய்துவிடலாகாது. எழுதவேண்டியதை உரிய இடத்தில் இன்றே எழுதுவோமாக.